யாருமில்லாத ஊர்வலம்

ஊரில் செத்தவர்களை எல்லாம் ஏற்றிப் போன வண்டி, தன் சொந்தக்காரர் செத்த அன்றைக்கு மட்டும் ஷெட்டுக்குள்ளேயே நின்றது. பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் போய்விட்டால், பெயர் மாற்றும்வரை வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, எதையாவது இடித்துத் தொலைத்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான் என்று மூத்த மகன்தான் சொன்னான். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லும்போது அவனுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது, அதுதான் விஷயம். வாடகைக்கு ஒரு வேனைப் பிடித்து, அப்பாவை அதில் ஏற்றி, கடைத்தெருப் பக்கமே போகாமல் பின்பக்கச் சந்து வழியாகக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிட்டான்.

அவனையும் சும்மா திட்டிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இருந்த பெயர் ‘கடைசி பஸ்’. அப்பா ஓட்டியது அமரர் ஊர்தி. அதற்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் வண்டியை விட்டுவிட்டு மகன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. ஓடிப்பிடித்து விளையாடினால் அவன் தொட்டவன் செத்தவன். இத்தனையும் தாங்கி வளர்ந்தவன் என்ன தொழில் செய்வான்? கல்யாணக் கார் வாடகைக்கு விட்டான். வெள்ளை வெளேர் என்று நீளமான கார்கள், முன்னால் பூ, பின்னால் ரிப்பன். அப்பாவின் வண்டி நிற்கிற தெருவுக்குத் தன் கார்களை அனுப்பவே மாட்டான். கல்யாண வீட்டார் “உங்கப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டால் “டிரான்ஸ்போர்ட்” என்பான். வாஸ்தவம்தானே.

தங்கை நேர் எதிர். அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதிலிருந்து ஸ்டியரிங் அவள் கைக்கு வந்துவிட்டது. ஹாரன் அடிக்காதே, யாரையும் முந்தாதே, பிரேக்கை மிதிக்காதே, சும்மா தொடு என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு. வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை. முடியாது.

அம்மா தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “நான் போட்டாச்சு. இனி உங்க ரெண்டு பேர் பாடு,” என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்படித்தான் அண்ணனும் தங்கையும் போக்குவரத்து அலுவலகத்தில், இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி கரகரவென்று சுற்றியது. காகிதம் பறக்காமலிருக்க இன்ஸ்பெக்டர் மேலே ஒரு துருப்பிடித்த ஸ்பார்க் பிளக்கை வைத்திருந்தார். கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாத மனிதர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி ஒரு முகம்.

“உங்கப்பா உயில் எழுதலை. சரி. சொத்துன்னு இருக்கிறதும் இந்த வண்டி ஒண்ணுதான். வாரிசுங்க மூணு பேரும் ஒரே பேருக்குச் சம்மதம்னு என் முன்னாடி கையெழுத்துப் போட்டா, கோர்ட்டு வாசலையே மிதிக்க வேண்டாம். இன்னைக்கே மாத்திக் கொடுத்துடுவேன். அம்மா வயசானவங்க, வீட்டுலயே போட்டுக் கொடுத்துட்டாங்க, அது போதும். நீங்க?”

“எனக்குச் சம்மதம் இல்ல சார்,” என்றான் அண்ணன்.

“அப்ப கோர்ட்டுதான். தீர்ப்பு வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டுல நிக்கணும். அதுக்குள்ள துருப்பிடிச்சு உதிர்ந்துடும், கூட்டி அள்ளிக்கலாம். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவன் நினைத்ததும் அதைத்தான். துருப்பிடித்து ஒழியட்டும், ஊர் மறந்துபோகட்டும். ஆனால் தங்கை பக்கத்தில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாலாவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிஜக் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, வாயில் வந்த ஒரு பொய்யைச் சொன்னான்.

“வண்டி ஓட்டற நிலைமையில இல்ல சார். ரொம்பப் பழசு. ரோட்டுல போனா ஆபத்து. அதுக்காகத்தான் சொல்றேன்.”

“அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்,” என்று இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். “எப்படியும் ஓட்டிப் பார்க்காம பேர் மாத்த மாட்டேன். ஒருநாள் அனுமதி வாங்கித்தானே கொண்டுவந்திருக்கீங்க? வாங்க, நீங்களும் ஏறுங்க. நாளைக்கு வந்து, சார் சரியா பார்க்கலைன்னு சொல்லக் கூடாது பாருங்க.”

வண்டி முற்றத்தில் நின்றது. கருப்பு, நீளம், அலம்பித் துடைத்துப் பளபளவென்று. முன்பக்கம் இரண்டே இருக்கை. ஒன்று ஓட்டுகிற தங்கைக்கு, இன்னொன்று இன்ஸ்பெக்டருக்கு. அண்ணனுக்கு இருந்தது பின்பக்கம்தான். அங்கே இருக்கையா போட்டிருப்பார்கள்? ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, கதவிலும் கண்ணாடி. இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பலகையைத் தொட்டதுகூட இல்லை. கர்மம் என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறி, பலகையின் ஓரத்தில், பட்டும் படாமல் உட்கார்ந்தான்.

“வாசலைத் தாண்டி வலது பக்கம் போனா கிடங்குக்குப் பின்னாடி காலி மைதானம் இருக்கு,” என்று முன்னால் இன்ஸ்பெக்டர் சொல்வது, நடுவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கேட்டது. “அங்க வேகமா ஓட்டி, சடார்னு பிரேக் போட்டுக் காட்டணும்.”

“சரி சார்,” என்றாள் தங்கை. வண்டி கிளம்பியது. வாசலைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பியது.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அந்த வாசலுக்கு எதிரே ஒரு நாற்சந்தி. அந்த நாற்சந்தியில் இந்த வண்டி இடது பக்கம் தவிர வேறு பக்கம் திரும்பியதே கிடையாது. இடது பக்கம் பாலம், பாலத்தைத் தாண்டிக் கடைத்தெரு, கடைத்தெரு முடிந்தால் மயானம். புத்தி வலது பக்கம் என்று சொல்லியிருக்கும். கை யாரைக் கேட்டது?

“அம்மா, வலது பக்கம்னேன்.”

“ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். கை பழக்கத்துல போயிடுச்சு.”

“சரி, பாலத்துக்கு முன்னாடி திருப்பிக்கோ.”

வண்டி திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று அண்ணன் குனிந்து வெளியே பார்த்தான். பாலத்தின் மேல் எதிரே வந்த லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. அதன் டிரைவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டு, கீழே இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லாரிக்குப் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். நடைபாதையில் செல்போனில் யாரையோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்த ஒருத்தன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

“திருப்பும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர் மறுபடியும். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

“எப்படி சார் திருப்புறது? எல்லாரும் நிக்கிறாங்க.”

நியாயமான கேள்வி. அத்தனை பேர் தலை குனிந்து நிற்கிற இடத்தில், பிணம் கொண்டுபோகிற வண்டி நடுப்பாலத்தில் ரிவர்ஸ் எடுத்தால் நன்றாகவா இருக்கும்? இறங்கிப்போய் ஒவ்வொருவர் காதிலும் ‘உள்ளே யாரும் இல்லை, சும்மா டெஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? கிளம்பினது கிளம்பினதுதான். போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். பின்பக்கம் ஓர் ஆள் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“அண்ணா, படு,” என்றாள் சின்ன ஜன்னல் வழியாக.

“என்னது?”

“படுத்துக்கோ. ஜனங்க பார்த்தா என்ன நினைப்பாங்க. மானம் போகுது, படு.”

சின்ன வயதில்கூட அவள் சொல்லி அவன் எதையும் கேட்டதில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தை அவனையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பொத்தென்று மல்லாந்து படுத்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. இதைவிடப் பொருத்தமாக உடுத்திக்கொண்டு யாரும் அந்தப் பலகையில் படுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணக் கார் முதலாளிக்கு வந்த கதி என்று பல்லைக் கடித்தான். பிறகுதான் மேலே பார்த்தான்.

கூரை முழுக்க மரம். சன்னமான பலகைகளை ஒன்றோடு ஒன்று கோத்து, ஓர் ஆணித்தலைகூட வெளியே தெரியாமல் பொருத்தியிருந்தது. ஒரு பலகையில் ஓடிய ரேகை அடுத்த பலகையில் அறுபடாமல் தொடர்ந்தது, அதற்கடுத்ததிலும் தொடர்ந்தது, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும். தேன் நிறத்தில் மெழுகு போட்டுத் தேய்த்திருந்தது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இது தெரியாது. ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருந்த அவனுக்கே தெரியவில்லை. மல்லாந்து படுக்கிறவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். இந்தப் பலகையில் மல்லாந்து படுக்கிறவர்கள் யார்?

பார்க்கவே முடியாதவர்களுக்காக அப்பா இதைச் செய்திருக்கிறார். யாரும் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்ல வழியில்லாத ஒரு வேலையை, இவ்வளவு சுத்தமாக, ஒரு மனிதன் எதற்காகச் செய்வான்? தன் கார்களை நினைத்துப் பார்த்தான். வெளியே தெரிகிற இடத்தில் பூ, ரிப்பன், பளபளப்பு. சீட்டுக்கு அடியில் கையைவிட்டால் போன கல்யாணத்துப் பழத்தோல் இருக்கும்.

வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. குண்டும் குழியுமான தெரு அது, அவனுக்குத் தெரியும். தன் கார்கள் அங்கே குலுங்குகிற குலுங்கலில் மணப்பெண் தலையிலிருந்து பூ உதிரும். இங்கே ஒரு ஆட்டம் இல்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. ஒவ்வொரு பள்ளத்தையும் தங்கை முன்கூட்டியே அறிந்து, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினாள். உயிரோடு இருக்கிறவர்களை யார் இப்படி ஏந்திக்கொண்டு போகிறார்கள்? அவனை யாரும் இப்படிக் கொண்டுபோனதில்லை.

தலையைச் சற்றே சாய்த்தால் பக்கக் கண்ணாடி வழியாக முகங்கள் தெரிந்தன. காய் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரி தராசைக் கீழே வைத்தாள். ஏணிமேல் நின்று பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், பெயின்ட் சொட்டுச் சொட்டாக அவன் முழங்கை வழியே வழிந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கையை எடுத்துவிட்டார்கள். யார் செத்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நல்லவனா கெட்டவனா, பணக்காரனா பிச்சைக்காரனா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் தங்கள் வேலையை ஒரு கணம் கீழே வைத்தார்கள். அந்த ஒரு கணத்தை, முன்பின் தெரியாத ஓர் ஆளுக்காக, அவன் கேட்காமலேயே கொடுத்தார்கள்.

உலகம் இப்படி ஒரு காரியத்தைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்கு இத்தனை வயது வரை தெரியாமல் போய்விட்டது. எப்படித் தெரியும்? இந்த வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறவன் அவன் ஒருத்தன்தானே. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை. தினமும் யார் யாருக்கோ வாங்கிக்கொடுத்தவர், பின்பக்கச் சந்தில், குலுங்கிக் குலுங்கி, யாரும் நின்று பார்க்காமல் போனார். கொண்டுபோனது இவன்தான். அது நெஞ்சில் உறைத்தபோது எழுந்து உட்கார்ந்து ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் முடியாது. படுத்துக் கிடந்தான்.

மயானத்துக் காவலாளி வண்டியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருந்தான். வண்டி நின்றது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ நடந்து வந்தார்கள். அண்ணன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

“யாருன்னு தெரியலை,” என்றது ஒரு பெண் குரல், கண்ணாடிக்கு மிக அருகில். “எங்கம்மாவை இதுலதான் கொண்டுவந்தேன். இந்த வண்டியைப் பார்த்துட்டா தாண்டிப் போக மனசு வராது. பாலத்துல இருந்து பின்னாடியே வந்துட்டேன்.” யாரிடம் சொல்கிறாள் என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. தன்னிடம்தான் என்று புரிந்தபோது மூச்சே நின்றுவிட்டது. “நல்லபடியா போங்க,” என்றாள்.

கண்ணை இம்மி திறந்து பார்த்தான். முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிணம் அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ஸ்கூட்டர் கிளம்பிப் போகும்வரை அசையவில்லை.

பிறகு எழுந்து உட்கார்ந்தான். கதவோரம் நின்றிருந்த காவலாளியின் கையிலிருந்து சாவிக்கொத்து கீழே விழுந்தது.

“அம்மா,” என்றான் காவலாளி தங்கையிடம், மிகவும் மரியாதையாக, “இவரு இன்னும் இருக்காரு.”

“அவர் எங்கண்ணன். சும்மா வந்தாரு. நீங்க கதவைச் சாத்திக்குங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பின்கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

“மேல மரம் போட்டது யாரு?” என்று கேட்டான்.

“அப்பாதான். பழைய தகரத்தைப் பிரிச்சுட்டுப் போட்டாரு. நான் பலகை எடுத்துக் கொடுத்தேன்.”

“செத்தவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?”

“நானும் அதையேதான் கேட்டேன். தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னாரு.” அவள் பலகையின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். “வண்டியைக் கழுவுற அன்னைக்கெல்லாம் நீ இப்ப படுத்த மாதிரியே படுத்துப் பார்ப்பாரு. எங்கயாவது அழுக்கு தெரியுதான்னு.”

அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். பலகை நடுவில் லேசாகத் தேய்ந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தான்.

“அப்பாவை நான் இதுல வரவிடலை,” என்றான்.

“ஆமா,” என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் முன்பக்கத்திலிருந்து இறங்கி வந்தார். தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. எந்த இடத்தில் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“சார், அந்தப் பேப்பர் கையில இருக்கா?” என்று கேட்டான் அண்ணன்.

“ஆபீஸ்ல என் முன்னாடிதான் போடணும்.”

“நீங்க இங்கதானே இருக்கீங்க.”

இன்ஸ்பெக்டர் கக்கத்திலிருந்த ஃபைலைத் திறந்து கொடுத்தார். பலகைமேலேயே காகிதத்தை வைத்து, தங்கையின் பெயருக்கு மாற்றத் தனக்கு முழுச் சம்மதம் என்று எழுதி, அண்ணன் கையெழுத்துப் போட்டான். தங்கை அதை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள், காலையிலிருந்து அடக்கிவைத்தது முழுவதையும், வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு அழுதாள். அண்ணன் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றான்.

“சார், பிரேக் பார்க்கவே இல்லையே,” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது.

“பிரேக் கிடக்கட்டும். பார்த்த வரைக்கும் போதும்.” இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தார். காவலாளி தூரத்தில் இருக்கிறானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். “நீங்க முன்னாடி உட்காருங்க,” என்றார் அண்ணனிடம். “நான் பின்னாடி வரேன். உள்பக்கம் இன்னும் பரிசோதனை பண்ணலை பாருங்க.”

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். தொப்பியை மார்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். அண்ணன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வண்டியின் முன் இருக்கையில் தங்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது. கடைத்தெரு போனது, பாலம் போனது.

நாற்சந்தி வந்தது.

“ஆபீஸ் வலது பக்கம் சார்,” என்றாள் தங்கை சின்ன ஜன்னல் வழியாக.

“தெரியும்,” என்றது உள்ளேயிருந்து குரல். “நேரா போம்மா.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் நேரே கையைக் காட்டினான்.